மஞ்சள் துணி கட்டிய இரண்டாவது டப்பா

போன வாரம் அலுவலகத்துக்கு வந்தபோது புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரையும் பார்த்தேன். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், காலில் வெள்ளை ஷூ. காரிமங்கலத்துப் புழுதியில் அந்த ஷூ எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும் என்று நமது காவலாளியிடம் பந்தயம் கட்டிவிட்டுத்தான் வந்தேன். நான் சொன்னது நாலு நாள். அவர் உங்கள்மேல் என்னைவிட நம்பிக்கை வைத்து ஒரு வாரம் என்றார்.

உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பெயர் வேண்டாம், கோபித்துக்கொள்வார். “இந்த ஜனங்களுக்குச் சேமிக்கிற பழக்கமே ஏன் மேடம் வர மாட்டேங்குது?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அதற்குப் பிறகு எனக்கு டீ வரவில்லை. இதே கேள்வியை இதே முகத்தோடு நானும் கேட்டிருக்கிறேன், தம்பி. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிராமம் கிராமமாகப் போய்க் கூலி வேலை செய்யும் பெண்களை உட்கார வைத்து, மாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்று சொல்லி, அதை அவர்கள் பெயரிலேயே வங்கியில் போட வைப்பது நம் வேலை. கேட்க எளிதாக இருக்கும். என்னைப் பேசச் சொன்னால் அருவி மாதிரி பேசுவேன். அப்போதெல்லாம் நான் வைத்திருந்த பெரிய ஆயுதம் டீ. ஒரு நாளைக்கு ஒரு டீ குறைத்தால் மாதத்துக்கு எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு, பத்து வருடத்துக்கு எவ்வளவு என்று சாக்பீஸால் எழுதிக் காட்டுவேன். பத்து வருடத் தொகையின் கீழே இரண்டு கோடு வேறு.

காரிமங்கலத்துக்குத் தெற்கே ஒரு ஊரில், புளி தட்டும் கொட்டகையில் இப்படி எழுதிக்கொண்டிருந்தபோது, சுத்தியலால் புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலை நிமிராமல் சொன்னாள்.

“மேடம், வந்ததுலேர்ந்து நீங்க ரெண்டு டீ குடிச்சிட்டீங்க. அதுல ஒண்ணு எங்க காசுங்க.”

கொட்டகையே சிரித்தது. அவள்தான் மாதம்மாள். நான் வேலைக்குச் சேர்ந்து அப்போதே பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆகவே இனி சொல்லப்போகும் தப்பை, புதுசில் செய்தது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

மாதம்மாள் புளி சீசனில் புளி தட்டுவாள், மாங்காய் சீசனில் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போவாள், மற்ற நாட்களில் நூறு நாள் வேலை. ஒரே மகள் நதியா, எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஆக வேண்டும் என்பது நதியாவின் ஆசை. அதற்கு முதலில் ஆசைப்பட்டது மாதம்மாள்தான் என்று எனக்குச் சந்தேகம். வீட்டுக்காரர் சந்தையில் தேங்காய் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். கையில் வரும் கூலியில் பாதி கடைக்குப் போய்விடும். எந்தக் கடை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மகள் படிப்புக்காவது சேருங்கள் என்று எட்டு மாதம் அவள் பின்னால் அலைந்தேன். ஒரு மாதம் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. அடுத்த மாதம் கூரை ஒழுகியது. அதற்கடுத்த மாதம் ஆட்டுக்கு நோய். “கையில காசு இருந்தா கண்ணுல படுதுங்க மேடம். கண்ணுல பட்டா அவரு கேக்குறாரு. கேட்டா சண்ட. எதுக்குங்க வம்பு, இல்லாமயே இருந்துடலாம்” என்றாள். இவளுக்குப் பழக்கம் வராது என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு நாள் வெயில் தாங்காமல் அவள் வீட்டில் தண்ணீர் கேட்டு உள்ளே போனேன். சாமி படத்துக்குக் கீழே பால்பவுடர் டப்பா ஒன்று. மேலே மஞ்சள் துணி சுற்றி, நடுவில் காசு போட ஒரு கீறல், அதற்குக் கீழே விபூதிப் பட்டை. என்ன என்று கேட்டேன்.

“தீர்த்தமலை சாமிக்குங்க. பாப்பா பொறந்தப்ப காய்ச்சல்ல பொழைக்காதுன்னுட்டாங்க. அப்ப நேர்ந்துக்கிட்டேன். தெனமும் வேலைக்குக் கெளம்பறப்ப ஒரு காசு. வருசத்துக்கு ஒருக்கா பஸ் ஏறிப் போயி மலைல கொட்டிட்டு வருவோம்.”

“தினமுமா?”

“தெனமுந்தான்.”

“கையில் இல்லாத நாளில்?”

“கடன் வாங்கிப் போடுவேங்க. சாமிக்கு இல்லன்னு சொல்ல முடியுங்களா?”

“வீட்டுக்காரர் எடுக்க மாட்டாரா?”

மாதம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “சாமி காசுல கைய வெக்கிறதா? குடிக்கிறாரே தவிர அவருக்குப் புத்தி பெரளலீங்க.”

பதினாலு வருடம் ஒரு நாள் தவறாமல் சேமித்தவளுக்கு நான் எட்டு மாதமாகச் சேமிப்புப் பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த டப்பா முன்னால் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தில் அடங்கி உட்காருகிற ஆள் நான் இல்லை. உடனே மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அங்கேதான் வினை.

“மாதம்மா, இதே மாதிரி இன்னொரு டப்பா வைங்க. அதுக்கும் மஞ்சத் துணி கட்டுங்க, அதுக்கும் விபூதி பூசுங்க. அதுவும் தீர்த்தமலை சாமி பேர்லயே இருக்கட்டும். மாசம் ஒரு தடவ நான் வரேன், ரெண்டு பேருமாப் போயி உங்க பேர்ல பாங்குல போட்டுடலாம். பாப்பா படிப்புக்கு ஆகும்” என்றேன்.

“சாமி ஒத்துக்குமுங்களா?”

“நான் பொறுப்பு” என்றேன். சாமிக்கும் எனக்கும் நேரடிப் பழக்கம் இருக்கிற மாதிரி.

நாலு வருடம் அந்த டப்பா ஒரு மாதம்கூடக் காலியாக இருந்ததில்லை. நான் போனால் மாதம்மாள் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் திறப்பாள். தெருவில் இன்னும் பத்து வீட்டில் மஞ்சள் துணி ஏறியது. ஆய்வுக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்க வைத்துக் கைதட்டினார்கள். ‘உள்ளூர் நம்பிக்கைகளைப் பயன்படுத்துதல்’ என்று தலைப்புப் போட்டு நான் நாலு பக்கம் எழுதிக்கூடக் கொடுத்தேன். உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் அது இன்னும் இருக்கிறதாம். கிழித்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் படித்த பிறகு இதையும் படியுங்கள்.

நதியா பிளஸ் டூ முடித்தாள். தர்மபுரியில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் வருடக் கட்டணத்தை மறுநாள் மூன்று மணிக்குள் கட்டாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு இந்தச் செய்தி கெடு முடியும் அன்று காலை ஒன்பதரைக்குத்தான் தெரிந்தது. நதியா போன் செய்தாள்.

“மேடம், அம்மா கம்மலக் கழட்டிட்டாங்க. மிச்சத்துக்குத் தண்டல்காரர்கிட்ட கேக்கப் போறாங்களாம். நீங்க கொஞ்சம் வாங்களேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வங்கியில் மாதம்மாள் பெயரில் கட்டணத்துக்கு வேண்டிய பணம் முழுசாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு வாரா வாரம் வட்டியோடு பிடுங்குகிற தண்டல்காரரிடம் எதற்குப் போகிறாள்? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மாதம்மாள் வாசலில் நின்றிருந்தாள். காதில் ஈர்க்குச்சி, கையில் கம்மலை முடிந்த கைக்குட்டை. வீட்டுக்காரர் சற்றுத் தள்ளிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலை நேரம், தெளிவாகத்தான் இருந்தார். நதியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பாங்குல காசு இருக்குதே மாதம்மா, வாங்க போலாம்” என்றேன்.

“அது சாமி காசுங்க.”

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை. கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் ஆடு கட்டும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் காதில் விழக்கூடாதே என்று குசுகுசுவென்று பேசினேன்.

“அது பாப்பா படிப்புக்குன்னு தானே சேத்தோம்?”

“நாலு வருசமாக் கற்பூரம் காட்டிப் போட்டிருக்கேங்க. சாமி பேரச் சொல்லிப் போட்டத எப்படிங்க எடுக்கறது? பாப்பாவ உசுரோட குடுத்த சாமிங்க. அதுகிட்டயே எடுத்து பாப்பாவுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா?”

“சாமி ஒண்ணும் கோவிச்சிக்காது.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தானே மொதல்ல அப்படிச் சொல்லச் சொன்னேன்…”

“அப்ப அது பொய்யுங்களா?”

அந்தக் கேள்வியை அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகத் தெரிந்துகொள்ளக் கேட்டாள். ‘ஆமாம், பொய்’ என்று சொன்னால் நாலு வருடம் அவள் காட்டிய கற்பூரத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? அதோடு, மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும். மற்ற பத்து டப்பாவிலும் சாமி இல்லை என்று ஆனால் அன்று சாயங்காலமே அத்தனையும் கடைக்குப் போய்விடும். பொய் இல்லை என்றால் நதியாவின் இடம் மூன்று மணிக்குப் போய்விடும், இல்லாவிட்டால் தண்டல்காரர் வீட்டுக்குள் வந்துவிடுவார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அன்று நான் பிடித்த குரங்கு என் தோளிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தே முக்கால். பயமாக இருந்தது.

“அந்தாண்ட நின்னு பேசறது இந்தாண்டயும் கேக்குதுங்க மேடம்” என்று குரல் வந்தது. வீட்டுக்காரர் கட்டிலை விட்டு எழுந்து வந்து ஆட்டுக் கொட்டகை ஓரம் நின்றார்.

“ரெண்டாவது டப்பா எதுக்குன்னு எனக்கு மொத மாசமே தெரியும். நான் குடிக்கிறவன்தாங்க, ஆனா எண்ணத் தெரியாதவன் இல்ல. தீர்த்தமலைக்கு எடுத்துக்கிட்டுப் போறது ஒரு டப்பா. வூட்ல இருக்கறது ரெண்டு. இன்னொண்ணு எங்க போவுதுன்னு யோசிக்க மாட்டேனா?”

மாதம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் அசட்டுத்தனமாக, “தெரிஞ்சுமா எடுக்கல?” என்று கேட்டேன்.

“ஒரு வாட்டி எடுத்தேங்க. இருவது ரூபா. கடை வரைக்கும் போயிட்டேன். அது பாப்பாவோட காசாச்சேன்னு இருந்துச்சி. திரும்பி வந்து போட்டுட்டேன்.” அவர் என்னைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்துச் சொன்னார். நதியா கதவுக்குப் பக்கத்திலிருந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

அப்பாடா, சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன். மாதம்மாள் அசையவில்லை. “நீ சொன்னா ஆச்சா? சாமி பேரச் சொல்லிப் போட்டது போட்டதுதான்” என்றாள் அவரிடம்.

அவர் சிரித்தார். “பாத்தீங்களா மேடம். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டேங்குது.” பிறகு மாதம்மாளிடம் திரும்பினார். “ஏ, நம்மூரு மாரியம்மன் காசு என்ன ஆவுது? திருவிழா முடிஞ்சி மிச்சம் நின்னா ஊர்க்காரங்களுக்கு வட்டிக்கு வுடறாங்களா இல்லியா? அது மட்டும் சாமி காசு இல்லியா? நாமளும் தீர்த்தமலையான்கிட்ட கடனா வாங்கிக்கலாம். திருப்பிக் குடுத்துடலாம். எடுத்தாத்தான் தப்பு, கடன் வாங்கறது தப்பா?”

இந்த வழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பக்கத்தில் எத்தனையோ ஊரில் கோயில் பணத்தைக் கடனாக வாங்கி, அடுத்த திருவிழாவுக்குள் வட்டியோடு வைத்துவிடுவார்கள். வங்கிக்கு டிமிக்கி கொடுப்பவன்கூட அதில் கை வைக்க மாட்டான். எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன். கைதட்டல் வாங்கிய என் மூளைக்கு அது தோன்றவே இல்லை.

மாதம்மாள் கைக்குட்டை முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, “கோயில் காசுக்கு ஜாமீன் வேணுமே. யாரு ஜாமீன்?” என்றாள்.

“நானு.”

“நீயா? ஒனக்கு யாரு ஜாமீன்?”

“மேடம் இருக்காங்கல்ல.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். களப்பணியாளர் யாருக்கும் ஜாமீன் நிற்கக் கூடாது என்று நம் கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது. கடன் கொடுப்பவர் தீர்த்தமலை சாமியாக இருந்தால் என்ன செய்வது என்று போடவில்லை. “நிக்கறேன்” என்றேன்.

சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். மாதம்மாள் தொகையைச் சத்தமாகச் சொன்னாள், எதற்கு வாங்குகிறாள் என்று சொன்னாள், மாதம் எவ்வளவு திருப்பித் தருவாள் என்றும் சொன்னாள். வட்டி எவ்வளவு என்று வந்தபோது புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சின்னப் பேரம் நடந்தது. சாமியின் சார்பில் மாதம்மாள் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று கறாராக நின்று ஜெயித்தாள். மணி ஓடுகிறதே என்று நான் வாசலுக்குப் போய் ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்தினேன். காரிமங்கலம் வங்கியில் மாதம்மாளோடு வரிசை, பிறகு ஸ்கூட்டியில் நதியாவும் நானும் தர்மபுரிக்கு. கல்லூரி ஜன்னலில் பணத்தை நீட்டியபோது மணி இரண்டு ஐம்பது. ரசீதைக் கையில் வாங்கியதும் நதியா அழுதாள். நானும் அழுதேன், ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

கடன் அடைய இரண்டு வருடத்துக்குமேல் ஆயிற்று. அதற்குள் மற்ற வருடங்களின் கட்டணத்துக்கு வேறு கடன், அதற்கும் சாமிதான். அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாக இந்த முறைக்கு மாறியது. திருப்பிக் கட்ட வேண்டியிருந்ததால் அவர்கள் சேமிப்பு நின்றதே இல்லை. நதியா இப்போது சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்காரர் குடியை விட்டாரா என்று கேட்பீர்கள். விடவில்லை. குறைத்தார், அப்புறம் கூட்டினார், அப்புறம் குறைத்தார். நம் அறிக்கையில் எழுதுவதற்குத் தோதான மனிதர் அவர் இல்லை.

என் தப்பு என்ன என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். சாமி பெயரைச் சொல்லிப் பொய் சொன்னது என்பீர்கள். அது சின்னத் தப்பு. பெரிய தப்பு எனக்குக் கடன் வாங்கிய அடுத்த மாதம்தான் தெரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் தவணை. அதை என்னிடம் கொடுத்தால் நான் வங்கியில் போட்டுவிடுவதாக ஏற்பாடு. மாதம்மாள் வரவில்லை, ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லையாம். வீட்டுக்காரர் தனியாகப் பஸ் ஏறி நம் அலுவலகத்துக்கு வந்தார். துவைத்த சட்டை, தலையில் தண்ணீர் தடவி வாரியிருந்தார். துண்டின் முனையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து மேஜையில் வைத்தார். நான் ரசீதுப் புத்தகத்தை எடுத்து ‘மாதம்மாள்’ என்று எழுத ஆரம்பித்தேன்.

“என் பேர்ல போடுங்க மேடம். ஜாமீன் நான் இல்லீங்களா. இது என் கூலிக் காசு” என்றார்.

எழுதியதை அடித்தேன். நாலு வருடம், மாதம் தவறாமல் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அவர் வீட்டுச் சொம்பில் தண்ணீர் குடித்திருக்கிறேன். ‘சேமிப்புக்குத் தடை: கணவர்’ என்று என் கையால் அவரைப் பற்றி மூன்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

பெயர் மறந்தவர்கள் எல்லோரும் செய்கிற தந்திரத்தை நானும் செய்தேன். தலையைக் குனிந்துகொண்டு, ரொம்பத் தெரிந்தவள் மாதிரி, “இனிஷியல் என்னங்க?” என்று கேட்டேன்.

“மு.” கொஞ்சம் பொறுத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பேரும் சொல்லட்டுங்களா மேடம்?” என்றார்.